எறும்புக்கு இரங்கிய ஜெனரல்

1930களில் எல் சால்வடோரின் தலைநகரான சான் சால்வடோருக்கு ஒரு கொள்ளைநோய் வந்தது. பெரியம்மை என்கிறவர்கள் உண்டு. இல்லை, குழந்தைகளைப் பிடிக்கும் செங்காய்ச்சல் என்கிறவர்களும் உண்டு. காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1982இல் நோபல் பரிசு வாங்கிக்கொண்டு பேசியபோது இரண்டாவது கட்சிக்கே ஓட்டுப் போட்டார். தகராறு நோயின் பெயரில்தான். வைத்தியத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நாட்டின் அதிபர் உத்தரவு போட்டார்: தெருவிளக்குகளுக்கெல்லாம் கலர் காகிதம் சுற்றுங்கள். வெளிச்சத்தின் நிறம் மாறினால் நோய் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும்.

சுற்றினார்கள். சுற்றாவிட்டால் என்ன ஆகும் என்று ஊருக்குத் தெரியும். தலைநகரம் திருவிழாக் கோலம் பூண்டது. கிருமி மட்டும் அண்ணாந்து பார்க்காமல் தன் வேலையைத் தொடர்ந்தது.

உத்தரவு போட்ட புண்ணியவான் ஜெனரல் மாக்சிமிலியானோ எர்னாண்டஸ் மார்ட்டினெஸ். 1931 டிசம்பரில் நாற்காலியில் உட்கார்ந்தவர், 1944 மே வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் ஆறு மாதம் எழுந்த மாதிரி ஒரு பாவனை காட்டினார். அந்தக் கூத்து பின்னால் வருகிறது. ஊரில் அவருக்கு மந்திரவாதி என்று பட்டப்பெயர். அவர் காதுபட யாரும் சொன்னதில்லை.

மத்திய அமெரிக்க சர்வாதிகாரி என்றால் நமக்கு மனதில் ஒரு படம் இருக்கிறது. மார்பு கொள்ளாத பதக்கங்கள், கையில் விஸ்கி, பக்கத்தில் நடிகை, சுவிஸ் வங்கியில் கணக்கு. மார்ட்டினெஸ் இதில் ஒரு பாடத்திலும் பாஸ் ஆகமாட்டார். மது தொடமாட்டார். மாமிசம் தொடமாட்டார். அரசாங்கக் கஜானாவில்கூட அவர் பெரிதாகக் கை வைத்ததாக எதிரிகளும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த நிகராகுவாவில் சொமோஸா நாட்டையே குடும்பச் சொத்தாகப் பத்திரம் பதிந்துகொண்டிருந்தார். குவாத்தமாலாவில் உபிகோ தன்னை நெப்போலியன் என்று நம்பிக்கொண்டிருந்தார். நம்மவர் அந்த நேரத்தில் வெயிலில் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

கலர் கலரான பாட்டில்கள். உள்ளே வெறும் தண்ணீர். வெயிலில் வைத்தால் சூரியசக்தி இறங்கி, நிறத்துக்குத் தகுந்தபடி மருந்தாகிவிடும் என்பது ஏற்பாடு. நீலத் தண்ணீருக்கு மகத்துவம் அதிகம். வயிற்றுவலி முதல் இதயநோய் வரை அதிலேயே தீரும். கண்ணுக்குத் தெரியாத வைத்தியர்களின் குழு ஒன்று வேறு அவருக்குச் சகாயம் செய்தது. சம்பளம் கேட்காத ஒரே அரசு ஊழியர்கள் அவர்கள்தான். சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஊசல் கண்டுபிடித்து வைத்திருந்தார் என்பது மார்க்வெஸ் தந்த தகவல். அவருடைய சின்ன மகனுக்குக் குடல்வால் வீங்கியபோது அறுவை சிகிச்சை செய்தால் பிழைப்பான் என்றார்கள் மருத்துவர்கள். நீலத் தண்ணீர் போதும் என்றார் தகப்பன். பையன் செத்துப்போனான் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய பலரும் பதிந்திருக்கிறார்கள். எனவே ஆசாமி வேஷதாரி என்று சொல்ல வழியில்லை. சொன்னதை நம்பினார். அதுதான் பிரச்சினை.

தனக்குத் தெரிந்த ஞானத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் தெரியாது. வானொலியில் நாட்டுமக்களுக்கு வகுப்பு எடுப்பார். புலன்கள் ஐந்து என்று விஞ்ஞானிகள் சொல்வது தப்பு, மொத்தம் பத்து. பசி, தாகம், இனப்பெருக்கம், ஒன்றுக்குப் போவது, இரண்டுக்குப் போவது ஆகியவற்றைப் பட்டியலில் விட்டுவிட்டார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. ஏழைக் குழந்தைகள் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் வருகிறார்களே என்று யாரோ கவலைப்பட்டதற்கு, நல்லதுதான், பூமியின் அதிர்வுகள் நேராகக் காலில் ஏறும். செடிகொடியும் மிருகங்களும் செருப்பா போடுகின்றன என்றாராம். ஒரு சமூக நலத்துறைக்கு வேண்டிய கொள்கை விளக்கக் குறிப்பு இரண்டே வரியில் முடிந்துவிட்டது.

அவர் பெயரில் வழங்கும் தத்துவங்களில் சிகரம் எறும்பு பற்றியது. மனிதனைக் கொல்வதைவிட எறும்பைக் கொல்வது பெரிய பாவம். ஏனென்றால் மனிதன் செத்தால் மறுபிறவி எடுத்துவிடுவான். எறும்பு செத்தால் செத்ததுதான்.

இந்தச் சரக்கு எங்கிருந்து கிளம்பியது என்று தேடிக்கொண்டு போனால் சென்னை அடையாறில் வந்து நிற்கிறது. பிரம்மஞான சபை 1882இல் அங்கே இடம் வாங்கி உலகத் தலைமையகத்தை அமைத்தது. கர்மா, மறுபிறவி, சூட்சும சரீரம் எல்லாம் அங்கிருந்து ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் கப்பலேறி, லத்தீன் அமெரிக்காவின் படித்த நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளில் இறங்கின. இலங்கையில் பிறந்து பின்னாளில் சபைக்கே உலகத் தலைவரான ஜினராஜதாச 1920களின் கடைசியில் அந்தப் பக்கமெல்லாம் சுற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு வந்தார். மாதா கோயில் பாதிரியார் பேச்சு அலுத்துப்போய், கம்யூனிசம் பயமாக இருந்த ஆட்களுக்கு இது சௌகரியமான நடுவழி. எல் சால்வடோரில் ஏழைக்குக் குறைந்தபட்ச வாழ்க்கை உத்தரவாதம் வேண்டும் என்று 1929இல் எழுதிய அல்பெர்டோ மஸ்ஃபெரெரும் பிரம்மஞானிதான். அமெரிக்கக் கடற்படை வீரர்களைக் காட்டில் அலையவிட்ட நிகராகுவாவின் சண்டினோவும் மறுபிறவியை நம்பியவர்தான். ஒரே கிணற்றுத் தண்ணீர். குடித்தவர்களில் ஒருவர் ஏழைக்குச் சோறு வேண்டும் என்றார், ஒருவர் துப்பாக்கி எடுத்தார், ஒருவர் எறும்புக்கு இரங்கினார். எறும்பு விஷயத்துக்கு அடையாறு பொறுப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1932இல் சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அங்கே உயிரோடுதான் இருந்தார். காதில் விழுந்திருந்தால் ஜெனரலுக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போயிருக்கும்.

இப்படிப்பட்ட ஒருவரை ஒரு நாடு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஏன் பொறுத்துக்கொண்டது? நாடு பொறுத்துக்கொள்ளவில்லை, காபி பொறுத்துக்கொண்டது.

எல் சால்வடோரின் ஏற்றுமதியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் காபி. 1881, 1882 ஆண்டுகளில் இரண்டு சட்டங்கள் போட்டு, பூர்வகுடி கிராமங்கள் பொதுவில் வைத்திருந்த நிலங்களை ஒழித்துக்கட்டினார்கள். எரிமலைச் சரிவுகளில் காபி நன்றாக விளையும் என்பதுதான் அந்த நிலங்கள் செய்த குற்றம். பிறகு நாட்டைப் பதினான்கு குடும்பங்கள் ஆள்கின்றன என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது. சரியாகப் பதினான்குதானா என்று எண்ணிப் பார்க்கும் உரிமை ஊருக்கு இல்லை. 1931 டிசம்பரில் அங்கே வந்த அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவர், தெருவில் பக்கார்டு, பியர்ஸ் ஆரோ மாதிரி விலையுயர்ந்த கார்கள் ஓடுகின்றன, அதை விட்டால் வெறுங்காலோடு ஒருவன் ஓட்டுகிற மாட்டுவண்டி, நடுவில் எதுவுமே இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். பூமியின் அதிர்வுகள் யார் காலில் ஏறிக்கொண்டிருந்தன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

1929இல் உலகப் பொருளாதாரம் குப்புற விழுந்ததும் காபி விலை அதன் மேல் விழுந்தது. பறித்தால் கூலி கொடுக்க வேண்டும், விற்றால் கூலிக்குக்கூடத் தேறாது என்று பல தோட்டங்களில் பழத்தைச் செடியிலேயே அழுகவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஜனநாயகம் வந்தது. 1931 ஜனவரியில் ஓரளவு நேர்மையான தேர்தல் நடந்து, அர்துரோ அராவுஹோ ஜெயித்தார். இவரும் பண்ணையார்தான். ஆனால் இங்கிலாந்தில் படித்து, அங்கிருந்த தொழிற்கட்சியைப் பார்த்து மயங்கி, ஊருக்குத் திரும்பித் தானும் ஒரு தொழிற்கட்சி கண்டவர். நிலம் தருவார் என்று ஏழைகள் நம்பினார்கள். தந்துவிடுவார் என்று பணக்காரர்கள் நம்பினார்கள். அவர் இரண்டு தரப்பையும் ஏமாற்றினார். கஜானா காலி. மாதக்கணக்கில் சம்பளம் வராத ராணுவ அதிகாரிகள் டிசம்பர் 2ஆம் தேதி இரவு துப்பாக்கியோடு வந்து கணக்கை நேர்செய்தார்கள். ஒன்பது மாத ஆட்சி. அராவுஹோ எல்லை தாண்டி குவாத்தமாலா போனார்.

துணை அதிபர் மார்ட்டினெஸ். ராணுவ அமைச்சரும் மார்ட்டினெஸ். தன் இலாகாவிலேயே நடந்த புரட்சி தனக்குத் தெரியவே தெரியாது என்றார் அவர். விண்வெளியின் அதிர்வுகளெல்லாம் பிடிபட்ட மனிதருக்கு அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. இரண்டு நாள் கழித்து, அதிபர் இடம் காலியாக இருக்கிறது, அரசியல் சட்டப்படி துணை அதிபர் வரவேண்டும் என்று அவரைக் கூட்டிவந்து உட்கார்த்தினார்கள். சட்டத்தை மதிக்கிறவர், மறுக்க முடியுமா?

அடுத்த மாதமே உள்ளாட்சித் தேர்தல் வந்தது. 1930இல் பிறந்த கம்யூனிஸ்ட் கட்சியும் போட்டியிடலாம் என்றது அரசு. பெருந்தன்மைதான். யார் யார் கம்யூனிஸ்ட் என்று வீடு வீடாகத் தேட வேண்டிய செலவு மிச்சம். அவர்களே வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். கட்சி ஜெயிக்கும் போலத் தெரிந்த ஊர்களில் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

கட்சியும் சளைத்ததில்லை. ஆயுதப் புரட்சிக்கு நாள் குறித்தது, தள்ளிவைத்தது, மறுபடி குறித்தது, மறுபடி தள்ளிவைத்தது. முகூர்த்தம் மாறிக்கொண்டே போன கல்யாணத்துக்கு ஊரெல்லாம் பத்திரிகை போய்ச் சேர்ந்துவிட்ட கதை. போலீசுக்கும் ஒன்று வந்தது. தலைவர் அகஸ்டின் ஃபாராபுண்டோ மார்த்தி ஒரு காலத்தில் சண்டினோவுக்குச் செயலாளராக இருந்தவர்; சண்டினோ கம்யூனிஸ்ட் ஆகமாட்டேன் என்றதால் பிரிந்து வந்தவர். புரட்சிக்குச் சில நாள் முன்பே அவரை இரண்டு மாணவர்களோடு பிடித்து உள்ளே போட்டார்கள். தலைவர் சிறையில், திட்டம் போலீஸ் கையில். இருந்தும் 1932 ஜனவரி 22 இரவு மேற்கு எல் சால்வடோரின் காபி மலைகளில் கிளர்ச்சி வெடித்தது. எரிமலைகளும் அதே நாட்களில் வெடித்தன. குவாத்தமாலாவின் ஃபுவேகோ எரிமலை சாம்பலைக் கொட்ட, இசால்கோ எரிமலை ராத்திரியில் சிவந்து நின்றது. இசால்கோ, ஹுவாயுவா, நவிசால்கோ ஊர்களுக்குள் வெட்டுக்கத்தியோடு நுழைந்த விவசாயிகளில் பெரும்பாலோர் மார்க்ஸ் பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. தாத்தா நிலத்தின் எல்லைக்கல் எங்கே இருந்தது என்று கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

மூன்றே நாளில் ராணுவம் ஊர்களைத் திரும்பப் பிடித்துவிட்டது. கிளர்ச்சிக்காரர்கள் கொன்றவர்கள் நூறு பேருக்குள் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்ளும் கணக்கு. கதை அங்கே முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. அடுத்த சில வாரங்களில் ராணுவமும், பண்ணைக்காரர்கள் திரட்டிய காவல்படைகளும் சேர்ந்து கொன்றவர்களின் எண்ணிக்கை பத்தாயிரம் என்பவர்கள் உண்டு, முப்பதாயிரம் என்பவர்கள் உண்டு. அன்றைக்கு நாட்டின் ஜனத்தொகை சுமார் பதினான்கு லட்சம். ஆள் கம்யூனிஸ்டா என்று யாரும் விசாரிக்கவில்லை. பூர்வகுடி முகமா, இடுப்பில் வெட்டுக்கத்தியா, அவ்வளவு போதும். அறுவடைக் காலத்தில் காபிக் காட்டில் வெட்டுக்கத்தி இல்லாத இடுப்பு எது? நிரபராதிகள் வந்து பாதுகாப்புச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். நம்பி வந்தவர்களின் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். இசால்கோவின் பூர்வகுடித் தலைவர் ஃபெலிசியானோ ஆமாவைத் தூக்கிலிட்டபோது பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பார்க்கவைத்தார்கள். பிழைத்தவர்கள் தங்கள் உடையை மாற்றிக்கொண்டார்கள். பிள்ளைகளிடம் நவாத் மொழி பேசுவதை நிறுத்தினார்கள். ஒரு மொழி சாவதற்குப் பொதுவாக நூற்றாண்டுகள் பிடிக்கும். இங்கே ஒரு மாதத்தில் அதன் குரல்வளையைப் பிடித்துவிட்டார்கள்.

அக்கஹுட்லா துறைமுகத்துக்கு வெளியே அமெரிக்கப் போர்க்கப்பலும் கனடாவின் இரண்டு போர்க்கப்பல்களும் வந்து நின்றன. தங்கள் பிரஜைகளுக்கும் சொத்துக்கும் ஆபத்து என்று வந்தவர்கள். ஜெனரல் ஹோசே தொமாஸ் கால்தெரோன் அவர்களுக்கு விவரம் தெரிவித்தார்: அமைதி முழுமையாகத் திரும்பிவிட்டது, இதுவரை 4,800 கம்யூனிஸ்ட்டுகள் தீர்க்கப்பட்டுவிட்டார்கள், நீங்கள் கரையிறங்கிச் சிரமப்பட வேண்டாம். சரக்கு இருப்புக் கணக்கு தெரிவிக்கிற தொனி. கப்பல்காரர்களும் சிரமப்படவில்லை.

மார்த்தியையும் இரண்டு மாணவர்களையும் பிப்ரவரி 1ஆம் தேதி சுட்டார்கள். அவ்வளவு பிரபலமில்லாத இன்னொருவரையும் அந்த நாட்களில் சுட்டார்கள்: மிகேல் மார்மோல். கட்சிக்காரர், தொழில் செருப்புத் தைப்பது. வெறுங்கால்தான் சாலச் சிறந்தது என்று அதிபரே நம்புகிற நாட்டில் அதுவே அரை ராஜத்துரோகம். ராத்திரியில் ஒரு கும்பலாக லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். அந்தக் கும்பலில் ஒரு ரஷ்யர் இருந்தார் என்று பின்னால் மார்மோல் சொன்னார். புனிதர்களின் படம் விற்றுப் பிழைத்தவர். கையில் மாதா படம் இருந்தாலும் பாஸ்போர்ட்டில் ரஷ்யா இருந்ததே. இரண்டிரண்டு பேராக நிறுத்திச் சுட்டார்கள். மார்மோல் குண்டு வாங்கி விழுந்தார். பக்கத்துப் பிணத்தின் ரத்தம் அவர் மேல் வழிந்தது. இவனும் முடிந்தான் என்று சிப்பாய்கள் போய்விட்டார்கள். அவர் எழுந்து, ரத்தம் சொட்டச் சொட்ட நடந்து போனார்.

ஜெனரலின் கிறுக்குத்தனம்தான் 1932க்குக் காரணம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எறும்புத் தத்துவமும் பிணக்குவியலும் ஒரே பக்கத்தில் வந்தால் அப்படித்தான் எழுதத் தோன்றும். எனக்கு அது ஒப்பவில்லை. மறுபிறவியை நம்பாத, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஒழுங்காக டாக்டரிடம் போகிற காபி முதலாளிகள்தான் காவல்படைகளுக்குப் பணம் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களும் அவர்கள்தான். மந்திரவாதி என்று ரகசியமாகச் சிரித்துக்கொள்ளலாம். தோட்டத்தில் கூலி உயர்வு கேட்க ஆளில்லை. அந்த விலைக்கு நாலு நீலப் பாட்டில் ஒன்றும் அதிகமில்லை.

வெளிநாடுகள் கொஞ்சம் முரண்டு பிடித்தன. புரட்சியில் வந்த அரசுகளை அங்கீகரிப்பதில்லை என்று மத்திய அமெரிக்க நாடுகள் 1923இல் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. அமெரிக்காவும் அதைச் சாக்காக வைத்து இரண்டு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. 1934 ஜனவரியில் போனால் போகிறது என்று அங்கீகரித்தது. தன் காத்திருப்பு முடிந்த கையோடு மார்ட்டினெஸ் அதே வருஷம் இன்னொரு அனாதைக்குக் கை கொடுத்தார். மஞ்சூரியாவில் ஜப்பான் உருவாக்கி, உலகமே திரும்பிப் பார்க்காத மஞ்சுகோ என்ற பொம்மை அரசை, ஜப்பானுக்கு அடுத்தபடி அங்கீகரித்தது எல் சால்வடோர். காபி விற்கலாம் என்ற நப்பாசை. 1936இல் ஸ்பெயினின் ஃபிராங்கோவுக்கும் முந்திக்கொண்டு ஒரு அங்கீகாரம். 1938இல் ராணுவப் பள்ளிக்குத் தலைவராக ஒரு ஜெர்மானிய அதிகாரி. 1941 டிசம்பரில் பெர்ல் ஹார்பரில் குண்டு விழுந்ததும் ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி மூன்றின் மீதும் போர்ப் பிரகடனம். ஊசல் ஆடுவதில் அவருக்கு நல்ல பயிற்சி.

உள்ளூரில் அவர் விளையாடிய விளையாட்டு இன்னும் நேர்த்தி. அரசியல் சட்டம் ஒருவர் தொடர்ந்து அதிபராக இருக்கக்கூடாது என்றது. சட்டத்தை மதிக்கிறவர் என்று ஏற்கனவே சொன்னேன். 1934 ஆகஸ்டில் ராஜினாமா செய்து, ஜெனரல் ஆந்திரேஸ் மெனேந்தஸ் என்பவரிடம் நாற்காலியைச் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ளக் கொடுத்தார். தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர். கட்சியும் ஒன்று, பெயர் 'தாய்நாட்டுக்காக'. 1935 மார்ச்சில் வெற்றி வீரராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார். 1939இல் இந்தச் சிரமம் எதற்கு என்று அரசியல் சட்டத்தையே புதிதாக எழுதி ஆறு வருஷம் நீட்டிக்கொண்டார். அதே சட்டத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமையும் கொடுத்தார். ஆண்களின் ஓட்டுக்கு இருந்த மதிப்பு அவர்களுடையதுக்கும் கிடைத்தது.

உருப்படியான வேலைகள் எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. மத்திய ரிசர்வ் வங்கி 1934இல் அவர் காலத்தில் வந்தது. கடனில் மூழ்கிய பண்ணைகளைக் காக்க ஓர் அடமான வங்கி வந்தது. லெம்பா ஆற்றின் மேல் குஸ்கத்லான் பாலம் 1942இல் திறந்தது. இன்றைக்கும் அந்த ஊரில் ஒரு தாத்தா, அவர் ஆட்சியில் திருட்டே கிடையாது தெரியுமா என்று ஆரம்பித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எல்லா ஊரிலும் அப்படி ஒரு தாத்தா உண்டு.

1944இல் மறுபடியும் சட்டத்தில் கை வைத்து 1949 வரை இடம் பிடித்தபோதுதான் பணக்காரர்களுக்குத் திடீரென்று ஞானோதயம். அடடா, இது சர்வாதிகாரம் அல்லவா? இடையில் காபி ஏற்றுமதி வரி ஏறியிருந்ததும் அந்த ஞானோதயத்துக்கு உதவியது. வங்கிக்காரர்கள், தோட்டக்காரர்கள், இளம் அதிகாரிகள், டாக்டர் அர்துரோ ரொமேரோ போன்ற மக்கள் செல்வாக்குள்ள மருத்துவர்கள் எல்லாரும் கைகோத்தார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி, குருத்தோலை ஞாயிறு. ஜெனரல் லா லிபெர்தாத் கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போயிருந்தார். விமானப்படை புரட்சிக்காரர்கள் கையில், பெரிய படைமுகாம்கள் கையில், வானொலி நிலையமும் கையில்.

மைக் கிடைத்தது தப்பாகப் போயிற்று. ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்று வானொலியில் அறிவித்தார்கள். பிறகு ஒருவர் பேசினார், அடுத்தவர் பேசினார், அதற்கடுத்தவரும் விடவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் வாய்மூடியிருந்த நாடு, பேசத்தானே செய்யும். பேசி முடித்துவிட்டு அதிபரைப் பிடிக்கப் போகலாம் என்று நினைத்திருக்க வேண்டும். அதற்குள் அதிபர் கடற்கரையிலிருந்து கிளம்பி, சத்தமில்லாமல் நகருக்குள் நுழைந்து, போலீஸ் தலைமையகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டடத்தைக் குறிவைத்து விமானங்கள் குண்டு போட்டன. குண்டுகள் அதை மட்டும் விட்டுவிட்டு அக்கம்பக்கத்துக் கடைவீதியில் விழுந்தன. ஒரு பகுதியே எரிந்துபோனது. இரண்டு நாளில் எல்லாம் ஓய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத வைத்தியர்கள் அன்றைக்கு விமானப் போக்குவரத்தையும் கவனித்தார்கள் என்று ஜெனரல் நம்பியிருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

பரிசுத்த வாரம் முடியும்வரை பொறுத்திருந்தார்கள். ஈஸ்டருக்கு மறுநாள், ஏப்ரல் 10, ராணுவ நீதிமன்றம் தண்டித்த அதிகாரிகளைச் சுடத் தொடங்கினார்கள். வெட்டுப்பட்டு மருத்துவமனையில் கிடந்த ரொமேரோவுக்கும் மரணதண்டனை. இந்த முறை பட்டியலில் இருந்த பெயர்களுக்குப் பின்னால் நல்ல குடும்பங்கள் இருந்தன, துக்கம் கேட்கப் போக வரவேற்பறைகள் இருந்தன. 1932இல் மேற்கு மலைகளில் எத்தனை ஆயிரம் விதவைகள் இருந்தார்கள் என்று தலைநகரத்தில் யாரும் எண்ணவில்லை. இப்போது ஒவ்வொரு விதவையின் பெயரும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

துப்பாக்கியால் ஆகாததை மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு செய்தார்கள். ஏப்ரல் கடைசியில் பல்கலைக்கழகம் காலியாயிற்று. மே முதல் வாரத்தில் அது ஊரெல்லாம் பரவியது. தொங்கவிட்ட கைகளின் வேலைநிறுத்தம் என்று அதற்குப் பெயர். விதி ஒன்றே ஒன்று: வீட்டில் இரு. ஊர்வலம் வேண்டாம், கல்லெறிய வேண்டாம், சுடுவதற்கு வசதியாக ஓரிடத்தில் கூட வேண்டாம். வங்கி குமாஸ்தாக்கள் வரவில்லை. கடைகள் திறக்கவில்லை. மருத்துவர்கள், வக்கீல்கள், ரயில்வேக்காரர்கள், அரசு அலுவலகச் சிப்பந்திகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். வேலைக்குப் போகாத ஏழைத் தொழிலாளிகளுக்குக் கொடுக்க மாணவர் குழு பணம் திரட்டியது. கொடுத்தவர்களில் பெரும் வியாபாரிகளும் உண்டு. முதலாளி பணம் கொடுத்து நடந்த வேலைநிறுத்தம் உலகத்தில் அபூர்வம். கடையைத் திற என்று போலீஸ் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே யாருமில்லை. ஆயிரக்கணக்கான பேரைக் கொன்ற ஆட்சிக்கு ஒரு மூடிய மளிகைக்கடையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மே 7ஆம் தேதி போலீஸ் ஒரு பதினேழு வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றது. வசதியான குடும்பம், அமெரிக்கக் குடியுரிமையும் உண்டு. அமெரிக்கத் தூதர் அதிபர் மாளிகைக்கு விரைந்தார். கூட்டம் தேசிய மாளிகை எதிரில் நிறைந்தது. மே 8 இரவு ஜெனரல் வானொலியில் பேசினார். ஏப்ரலில் ஆயுதத்தோடு வந்தவர்களை ஆயுதத்தால் வென்றேன், இப்போது யாரைச் சுடுவது, சின்னப் பிள்ளைகளையா என்று கேட்டு விலகிக்கொண்டார். பிள்ளைகள் மேல் பிறந்த இந்தக் கருணை இசால்கோ வரைக்கும் போகப் பன்னிரண்டு வருஷம் தாமதமாகிவிட்டது.

பெட்டி படுக்கையோடு குவாத்தமாலாவுக்குப் போனார். போன இடத்திலும் நோய் பரவியது: ஜூலை 1ஆம் தேதி அதே பாணி வேலைநிறுத்தத்தில் உபிகோவும் ராஜினாமா. சான் சால்வடோரில் ஜனநாயகம் அக்டோபர் வரை தாக்குப்பிடித்தது. பிறகு 1932இல் போலீஸ் தலைவராக இருந்த கர்னல் ஒஸ்மின் அகீர்ரே வந்து ஆட்சியைக் கைப்பற்றினார். ஆள்தான் மாறினார், முதலாளிகளின் தூக்கம் திரும்பியது.

மார்ட்டினெஸ் கடைசியில் ஹோண்டுராஸின் ஹமஸ்த்ரான் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணையில் போய்ச் சேர்ந்தார். 1966 மே மாதம் அங்கே அவருடைய கார் டிரைவர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். சம்பளத் தகராறு என்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியிருந்தார்.

அவருடைய மறுபிறவிக் கொள்கைக்கு ஆதாரம் 1980இல் கிடைத்தது. இடதுசாரிகளைக் கொல்லக் கிளம்பிய கொலைப்படை ஒன்று மாக்சிமிலியானோ எர்னாண்டஸ் மார்ட்டினெஸ் பிரிகேட் என்று பெயர் வைத்துக்கொண்டது. எதிரே நின்ற கெரில்லாக் கூட்டணியின் பெயர் ஃபாராபுண்டோ மார்த்தி தேசிய விடுதலை முன்னணி. அடுத்த பன்னிரண்டு வருஷத்தில் சுமார் 75,000 பேர் செத்தார்கள்.

ஜெனரல் குத்துப்பட்ட அதே 1966இல் பிராக் நகரத்தில் ஒரு சால்வடோரியக் கிழவர் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே ரோக்கே தால்த்தோன் என்ற இளம் கவிஞர் நோட்டுப்புத்தகம் தீரத் தீர எழுதிக்கொண்டிருந்தார். 1932இல் தன்னைச் சுட்ட இரவில் யார் பக்கத்தில் நின்றார்கள், சிப்பாய்கள் என்ன பேசிக்கொண்டார்கள், சாமி படம் விற்ற ரஷ்யர் எப்படி விழுந்தார் என்று ஒன்றுவிடாமல் கிழவர் சொல்லிக்கொண்டுபோனார். மிகேல் மார்மோல் 1993 வரை உயிரோடு இருந்தார்.